வெஸ்ட்லிக்குப் போன ஒன்பது குடும்பங்கள்

நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம். பிறகு துரொண்ட்ஹெய்மில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஓரிடத்திலும் தரித்து நிற்கத் தெரியாது. ஒஸ்லோவுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது வான் ஓட்டும் லைசென்ஸ் மட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும்.

அப்படித்தான் அந்த ஒன்பது குடும்பங்களின் சாமான்களையும் ஏற்றினேன். யாழ்ப்பாணத்தில் சைவர்களாகப் பிறந்து, அகதியாக வந்த இடத்தில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர்கள். நகரத்துச் சபைக்குள் சினிமாவும் நகையும் புகுந்துவிட்டன என்று பிரிந்து, மெட்ரோ முடிகிற வெஸ்ட்லியில் ஒரே மாடிக்கட்டடத்தில் போய்க் குடியேறினார்கள். தொலைக்காட்சி இல்லை, குடி இல்லை, உடம்பில் பொட்டுப் பொன் இல்லை. பிள்ளைகளை எல்லாரும் சேர்ந்து பார்ப்பது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். நான் உயிருக்குப் பயந்து நாடு மாறியவன். இப்படித்தான் வாழவேண்டும் என்று முடிவெடுத்து இடம் மாறுகிறவர்களை அன்றுதான் கண்டேன்.

"நீரும் சேருமன் தம்பி," என்றார் அவர்களின் பாஸ்டர், ஃபிரிட்ஜின் மறுமுனையைப் பிடித்தபடி.

"சிகரெட்?"

"விடவேணும்."

"அப்ப நான் அலுமாரி மட்டும் தூக்கிறன் ஐயா."

அவர் சிரித்த சிரிப்பில் ஃபிரிட்ஜ் என் காலில் விழப் பார்த்தது.

ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கையெழுத்து. நான் உட்காரக் கதிரைகள் இறக்கப் போயிருந்தேன். ஒவ்வொருவராக எழும்பி, தாங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லி, கொப்பியில் கையெழுத்து வைத்தார்கள்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்த ஓர் அக்காவின் முறை வந்தது. புருஷன் வன்னியில் காணாமல் போனவர். சமாதானப் பேச்சுவார்த்தை தொடங்கி வன்னிப் பாதை திறந்தும் ஒரு தகவலும் இல்லை. அக்கா காப்பு, தோடு எல்லாம் கழற்றியிருந்தார். தாலிக்கொடி மட்டும் கழுத்தில் கிடந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் சபையில் இடமில்லை. இந்தக் குடும்பங்களை விட்டால் அவருக்கும் மகளுக்கும் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை.

"அதுவும் பொன்தானே பிள்ளை," என்றார் பாஸ்டர்.

"ஓம் ஐயா, பொன்தான். ஆனா இதைக் கழட்டினா அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. என்ர கையாலை ஏலாது. ஆராவது வந்து கழட்டுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

கழுத்தைக் குனித்துக்கொண்டு நின்றார்.

"நீ போவன்," என்றாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம்.

"ஏன், உனக்குக் கையில்லையே?"

வீட்டுச் சாமிப் படங்களைத் தாங்களே கழற்றி எறிந்தவர்கள் அவர்கள். பேய்க்கும் பயப்படாதவர்கள். ஒருத்திகூட எழும்பவில்லை.

பாஸ்டரே எழும்பிப் போனார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றார். நீட்டிய கை கொடியைத் தொடாமல் திரும்பியது. பிறகு அந்தக் கையாலேயே கொப்பியை எடுத்து, அக்காவின் முன்னால் விரித்து, பேனையைக் கொடுத்தார்.

அக்கா குனிந்தபோது கொடி தாளின்மேல் விழுந்தது. இடக்கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினார். 'பொன் அணியோம்' என்ற வரி அதே பக்கத்தில் இருந்தது. யாரும் அதை வெட்டவில்லை.

பாஸ்டர் அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்கு முன், மை காயாத அக்காவின் பெயரை ஒரு தரம் உரக்க வாசித்தார்.