வைக்கோல் நிறம்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் டோனகாவின் முன்னோர்கள் ஏழு தலைமுறையாகத் தீவுத் தலைவருக்கு வைத்தியர்கள். அதற்காக விடப்பட்ட நிலமும், ஆட்டுத்தோலில் எழுதிய வைத்தியப் புத்தகமும் மூத்த மகனையே சேரும். அந்தப் புத்தகத்துக்காகச் சண்டையிட்டு, தம்பி சோர்லி மலைக்கு அந்தப்பக்கம் போய் ஏழு வருடமாகிவிட்டது.

ஐம்பது வயதில் டோனகாவுக்குப் பார்வை போனது. அதன்பின் நோயாளியின் நாக்கையும் குப்பியில் பிடித்த சிறுநீரையும் பார்த்துச் சொல்வதும், புத்தகத்தை வாசிப்பதும் மனைவி மர்சலிதான்.

"புருஷனுக்கு வழிகாட்டப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்கு வழிகாட்டப் புத்தகம். நான் பொழச்ச மாதிரிதான்!" என்று ஒரு கிழவர் கேலி செய்தார். பிழைத்தும் கொண்டார்.

பிழைக்காதவர்களிடம் டோனகா மறைக்கமாட்டார். "நாள் இல்லேன்னா சொல்லிடணும். அவங்களுக்கு யார்கிட்டயாவது பேச வேண்டியிருக்கும்" என்பார்.

ஓர் இலையுதிர்காலத்தில் அவரே காய்ச்சலில் விழுந்தார். குப்பியை நீட்டினார்.

"என்ன நிறம்?"

சதுப்பு நிலத்துத் தண்ணீர்போலக் கறுத்திருந்தது. அதற்குப் புத்தகம் என்ன சொல்கிறது என்று மர்சலிக்குத் தெரியும்.

"வைக்கோல் நிறங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நான் என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்?"

அவர் முகம் தெளிந்தது. "அப்பப் பயமில்ல. குளிர் விட்டதும் சோர்லி வீட்டுக்குப் போவோம். பெரியவன், நான்தான் இறங்கிப் போகணும்."

ஆளனுப்பினால் அரைநாளில் சோர்லி வந்துவிடுவான். ஆனால் அவன் குரல் கேட்டதுமே இவர் புரிந்துகொள்வாரே என்று பேசாமல் இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு நின்றது. அன்று மதியமே உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்கு வந்த சோர்லி, வைத்த ஓட்ஸ் கஞ்சியைத் தொடவில்லை.

"அண்ணி, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"குளிர் விட்டதும் உங்க வீட்டுக்கு வரணும்னாரு."

"குளிர் விட்டதுமா? நாள் இல்லேன்னு அவருக்கா தெரியாது?"

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன், அண்ணி."

"தெரியும், தம்பி."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மறுநாள், பிள்ளையில்லாத அண்ணனுக்குப்பின் தனக்கு வந்த, நீர்நாய்த் தோலில் சுற்றிய புத்தகத்தோடு அவன் மலையேறினான். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை ஓட்ஸ் அனுப்பினான். அவன் மட்டும் வரவில்லை.

அதற்குப்பின் பதினோரு வருடம் இருந்தாள் மர்சலி. பழைய பழக்கத்தில் யாராவது குப்பியோடு வாசலில் நின்றால், ஏறிட்டும் பாராமல் சொல்வாள்: "சோர்லிகிட்டக் காட்டுங்க. எனக்குக் கண்ணு சரியில்ல."