பேயை வெட்டிய பேய்ப்படம்

படத்தை வெட்டியதைச் சொல்லாமல் டிக்கெட் விற்ற விநியோகஸ்தரே, நீங்கள் ஏமாற்றுக்காரர்.

ஊர் திரும்பும் வழியில் துபாய் மால் ஒன்றில் படம் பார்த்துவிட்டு தியேட்டர் வாசலில் நிற்கிறேன். டிவியில் தொடராக வந்த ஜப்பானியப் பேய்க் கார்ட்டூனின் முடிவுதான் இந்தப் படம். பூட்டிய பள்ளிக்கூடத்தில் பேயிடம் சிக்கிய சிறுமி என்ன ஆனாள் என்ற கடைசிக் காட்சியே இல்லை; பேய் வரும் இடங்களையும் வெட்டிவிட்டார்கள்.

பக்கத்தில் நிற்கும் பரமக்குடி முனியசாமி, ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து டூட்டி மாற்றிக்கொண்டு வந்தவர். தொடர் முழுவதையும் ரூமில் எல்லோரும் ஒரே போனில் பார்த்திருக்கிறார்கள்.

“அண்ணே, அந்தப் புள்ள பொழச்சுச்சா? ரூம்ல ஏழு பேரு கேப்பானுக.”

“எனக்கும் தெரியலப்பா.”

“பேயும் மாஃபி, முடிவும் மாஃபி, ஒண்ணுமே இல்ல. கறி இல்லாத பிரியாணியப் போட்டு அனுப்பிட்டான்.”

விநியோகஸ்தரே, வாசலில் ஒட்டியிருக்கும் படப் போஸ்டர் மேலேயே எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள்: சிறுமி பிழைத்தாளா, இல்லையா?