முதலில் வெட்டவேண்டிய கரும்பு

அந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன்பே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காரணம் அப்பாவின் வாய். எங்கள் ஊர் உறுவையாற்றில் வாய்க்கால் ஓரத்துக் கரும்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வெட்டாள் கூட்டம். யாருடையதை முதலில் வெட்டுவது என்று வருஷா வருஷம் அடிதடி. முற்றிய கரும்பு நின்றால் காய்ந்து எடை போய்விடும்.

"எம்புள்ள கம்ப்யூட்டர் வாத்தியாரு. மெஷின்ல போட்டு வரிசைய குடுத்துடுவான். அப்பறம் இன்னா சண்ட?" என்று டீக்கடையில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவருக்கு என் ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்? இப்படிப்பட்ட வரிசைக் கணக்குகளில் ஆகச் சிறந்த விடையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழி யாருக்கும் தெரியாது. அதோடுதான் நான் வருஷக்கணக்கில் மாரடித்துக்கொண்டிருந்தேன். சுமாரான விடை கிடைக்கும். அதைவிட நல்லது இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

இருந்தாலும் அந்நாளைய வழக்கப்படி கணக்கை அட்டைகளில் துளைகளாகப் போட்டு, சென்னைக்கு எடுத்துப்போய் கணினியில் ஓட்டினேன். வரிசையில் முதலாவதாக எங்கள் நிலம் வந்து நின்றது. எங்கள் கரும்பு ரோட்டோரம். வழக்கமாக வண்டிகள் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் வரும். எங்களுடையதை முதலில் வெட்டினால் எங்கள் நிலத்தின் குறுக்கே வரலாம், எல்லாருக்கும் நாள் மிச்சம். கணக்கு அதைத்தான் பிடித்திருந்தது. ஆனால் மகன் போட்ட கணக்கில் அப்பன் முதலில் என்றால் எந்த ஊர் நம்பும்? ஊரில் அப்பாவுக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய வார்த்தை. அது என் கையால் போகப்போகிறது என்று பயந்தேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்தவர்களுக்கு வரிசையை உள்ளபடியே படித்தேன்.

"மெஷினுக்கும் அப்பன் யாருன்னு தெரியுதுபா!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

'இதுதான் சிறந்த வரிசை, வேறு கிடையாது' என்று அடித்துச் சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார்கள். பொய் சொல்லவும் பயம், உண்மையை விளக்கவும் பயம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா எழுந்தார். "என்னுது கடைசியா இருக்கட்டும். வண்டி போவ வழி நான் வுடுறேன்."

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நிற்கிற கரும்பின் நடுவே வண்டித்தடம் அகலத்துக்குத் தனியாளாக வெட்டிக்கொண்டிருந்தார். முறை வராமல் வெட்டிய கரும்பைச் சர்க்கரை ஆலை எடுக்காது, அத்தனையும் மாட்டுக்குத்தான்.

"வேணாம்பா" என்று கையைப் பிடித்தேன்.

"என்னுத மொதல்ல வெட்டறதவிட நல்ல வழி இல்லவே இல்லன்னு உன்னால சொல்ல முடியுமாடா?"

"முடியாதுப்பா."

"அப்ப நேத்து நீ கம்முனு இருந்தது சரிதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நானும் வெட்டுகிறேன் என்று அரிவாளைக் கேட்டேன். தரவில்லை.