இரண்டு வீட்டுக்கு ஒரு கதவு

மனிதன் நிலாவுக்குப் போன வருடம் நாங்கள் கல்கத்தாவில், ஹவுரா பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கூட்ஸ் வண்டி டிரைவர். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் பெரும்பாலும் அதே வண்டிக்கு கார்டாகப் போவார். அவர் மனைவியை நான் காகிமா என்பேன், சித்தி மாதிரி. கரக்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள் என்பதால் அவளுக்குத் தமிழ் வரும். அம்மாவுக்கு அவள் பௌதி, அண்ணி மாதிரி; அவளுக்கு அம்மா தீதி, அக்கா மாதிரி.

ஊரே நிலாவைப் பற்றிப் பேசியது. அம்மாவும் காகிமாவும் போனவர்களின் மனைவிகளைப் பற்றிப் பேசினார்கள்.

“நிலாவுக்குப் போறவனுக்கும் சாப்பாடு கட்டித் தரணுமா பௌதி?” என்று அம்மா கேட்பாள்.

“ட்யூப்ல அடைச்சுத் தராங்களாம் தீதி. எங்க மீன் குழம்பு அடைக்க முடியாது, முள்ளு இருக்கும். உங்க தயிர்சாதம்னா சரியா இருக்கும்.”

அந்த மனைவிகள் மூன்று பேரும் சிரித்தபடி நிற்கும் படம் வங்காளிப் பேப்பரில் வந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். “சிரிக்கச் சொல்லி நிக்க வச்சிருக்காங்க, பாவம்” என்றாள். செய்தி வரும்வரை அவர்களில் ஒருத்தி வீட்டில் மற்றவர்கள் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். காகிமா படித்துச் சொன்னாள்.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு காலை, அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் போயிருந்த வண்டி கவிழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஓர் ஆள் இறந்துவிட்டார். டிரைவரா கார்டா என்று தெரியவில்லை. டியூட்டிக்கு ஆள் கூப்பிட வரும் கால்மேன்தான் வந்து சொல்லவேண்டும்.

காகிமா தன் வீட்டைப் பூட்டிவிட்டு, கூடை நிறையக் காய்கறியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“தனியா இருந்தா கதவு தட்டற சத்தத்துலயே தெரிஞ்சிடும் தீதி. ஒரே வீட்டுல இருந்தா, அவன் வாயத் திறக்கற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் புருஷன் உண்டு.”

இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காய் நறுக்கினார்கள். நடுவில் அம்மா எழுந்து சாமி படத்தின் முன் நின்றாள். காகிமாவைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கேற்றாமல் வந்து மறுபடி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மதியம் கால்மேன் வந்தார். இவர்கள் செய்த ஏற்பாடு அவருக்குத் தெரியாது. எங்கள் வாசலைத் தாண்டிப் போய், பூட்டியிருந்த காகிமா வீட்டுக் கதவைத் தட்டினார்.

அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. காகிமா அவளைப் பார்த்தாள். நறுக்கிக்கொண்டிருந்த புடலங்காயைக் கீழே வைத்துவிட்டு, “இங்க இருக்கேன்” என்று வங்காளியில் குரல் கொடுத்தபடி வெளியே போனாள்.

அப்பா கையில் கட்டோடு வந்து சேர்ந்தார். காகிமா குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்வரை அம்மா தினமும் என்னிடம் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். தான் மட்டும் போகவில்லை. கரியாஹாட்டிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும் அன்று காகிமாவே வந்தாள். அம்மா சமையலறையை விட்டு வரவில்லை.

காகிமா வாசலிலேயே நின்று சொன்னாள்: “உங்க வீட்டுக் கதவத் தட்டியிருந்தா நானும் அப்படித்தான் மூச்சு விட்டிருப்பேன் தீதி.”

உள்ளே அம்மா அழும் சத்தம் கேட்டது. மூச்சு விட்டதற்கெல்லாமா அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.