சாமியறைக்குப் போன டின்

திருகோணமலை ஜெட்டித் துறையிலிருந்து மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகை நினைத்தால் இன்றைக்கும் டீசல் மணமும் உப்புக் காற்றும் சேர்ந்தே வருகின்றன. அந்த மணத்தைத் திட்டிக்கொண்டே எத்தனை தடவை ஏறியிருப்பேன்! இப்போது அதை ஒரு தடவை மூக்கு நிறைய இழுக்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. மகளுக்கு எட்டு வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நடந்ததே இல்லை, ஓட்டம்தான். வகுப்பில் இருக்கமாட்டாள், சாப்பாட்டில் இருக்கமாட்டாள், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்கமாட்டாள். ஒரு தடவை லாஞ்சியின் விளிம்பில் ஏறி, பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே தொங்க மீன் பார்த்தாள். பக்கத்திலிருந்த மூதூர் முஸ்லிம் பெண் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்திருப்பேன். இப்போது அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் குழப்படி என்பார்கள், இல்லாவிட்டால் தாயின் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

கொழும்பில் ஒரு டொக்டர் குளிசை எழுதித் தந்தார். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று. எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் அது இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர், கொழும்புக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிப்பார். முதல் தடவை அவள் கதிரையில் இருந்து பென்சிலால் ஒரு படத்தைக் கீறி முடித்ததைக் கண்டு, குசினி அடுப்படியில் நின்று அழுதேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லவில்லை. விசர்க் குளிசை, பைத்தியத்துக்குக் கொடுக்கிறது என்று யாராவது ஒருவர் வாய் திறந்தால் போதும், அந்தக் கதை அவளுடைய கலியாணம் வரைக்கும் கூடவே வரும் என்று பயந்தேன். அவளிடமும் சத்துக் குளிசை என்றே சொல்லிவைத்திருந்தேன்.

அந்த வருடம் மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரில் என் கணவரின் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, புது வீட்டுக் குடிபூரல். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் புறப்பட்டோம். காலியான பிஸ்கட் டின்னை எறிகிற பழக்கம் எங்கள் வீடுகளில் யாருக்கு இருந்தது? ஊசி நூலுக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று. மச்சாளுக்குக் கொடுக்கப் புது டின் ஒன்று வாங்கினேன். மகள் பார்த்துக்கொண்டிருக்க, அதே மாதிரியான பழைய டின்னுக்குள் குளிசைப் போத்தலை வைத்து, மேலே இரண்டு கைலேஞ்சித் துணியைப் போட்டு மூடினேன். இரண்டையும் ஒரே பையில் வைத்துவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காலைக் குளிசையோடு போன அந்தப் பயணம் எவ்வளவு நன்றாக இருந்தது! மகள் என் தோளில் சாய்ந்து, நங்கூரமிட்டு நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். நான் சொன்ன பதிலையும் கேட்டாள். வாழ்நாளில் நான் போன பயணங்களில் ஒன்றைத் திரும்பத் தருவார்கள் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் கேட்பேன்.

மச்சாள் வீட்டு வழக்கப்படி, குடிபூரலுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பண்டத்தை வாசலிலேயே வாங்கிச் சாமியறையில் நிறைகுடத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். பூசை முடியுமட்டும் ஒருவரும் தொடக்கூடாது. வாசலில் மச்சாள் கையை நீட்ட, நானும் அவசரத்தில் ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தேன்.

ஐயர் வரப் பிந்தியது. மத்தியானம் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு போட்டார்கள். குளிசை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தாள் கிழியாமல் கையில் தட்டுப்பட்டது. பையில் இருந்தது புது டின். மகளும் எட்டிப் பார்த்தாள். போத்தல் சாமிக்கு முன்னால் இருந்தது. கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் பின்னேரம் அதே லாஞ்சியில் இவளை எப்படிக் கொண்டுபோவேன்?

நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் சோற்றை விட்டு எழும்பிவிட்டாள். தோரணத்தை இழுத்தாள், திடுதிடுவென்று கூடத்துக்குள் ஓடினாள், பால் காய்ச்ச வைத்திருந்த புதுப் பானையில் மோதினாள். பானை உடைந்து புதுத் தரையெல்லாம் பால். நல்ல காரியத்தில் இப்படியா என்கிற மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளுடைய முதுகில் ஓங்கி அடித்தேன். டின்னை மாற்றிக் கொடுத்தவள் நான். அடி வாங்கியவள் அவள்.

அவள் அழவில்லை. மச்சாளிடம் போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"மாமி, அம்மா மாறித் தந்திட்டா. அந்தப் பழைய டின்னுக்குள்ளதான் என்ர குளிசை இருக்கு. எடுத்துத் தாறீங்களா?"

"என்ன குளிசை பிள்ளை?"

சத்துக் குளிசை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்:

"அதைப் போட்டா அம்மாக்கு என்னில கோவம் வராது."

மச்சாள் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சாமியறைக்குள் போய், அடுக்கியிருந்த டின்களைத் தள்ளி, என்னுடையதை எடுத்துவந்து என் கையில் தந்தார்.

"முதல்ல பிள்ளைக்குக் குடும். பூசையைப் பிறகு பாப்பம். பானைக்கு வேற பானை இருக்கு," என்றார்.

பின்னேர லாஞ்சியில் அவள் எனக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தாள். வெயில் சாய்ந்து தண்ணீர் பளபளத்தது. கரை தெரியத் தொடங்கியபோது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப கோவம் இல்லைத்தானே அம்மா?"

"இல்லையம்மா," என்றேன்.

அது குளிசையால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமலே ஜெட்டி வரைக்கும் வந்தேன்.