ஊருக்கெல்லாம் மாமா

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த கான்ஸ்டபிள் குப்புசாமியை மைசூரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மாமாதான். ஆனால் ஆளுக்கொரு மாமா.

காலையில் அவர் சைக்கிளை வெளியே தள்ளும்போது வீட்டுக்கார ஐயங்காரின் பேத்தி "மாமா, டாட்டா" என்பாள். அவளுக்குப் பால்காரர் உட்பட நாற்பது தாண்டிய ஆண்கள் எல்லோரும் மாமா. அவர் தெருமுனையைத் தொட்டதும், ஒரே பைக்கில் மூன்று பேராக வரும் காலேஜ் பையன்கள் "மாமா பந்தா, மாமா பந்தா" என்று கத்திக்கொண்டு குதித்து இறங்குவார்கள். அந்தக் கன்னடத்துப் பையன்களின் அகராதியில் மாமா என்றால் போலீஸ், பந்தா என்றால் வந்தாச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் மனைவி நாச்சம்மாள், "மாமா, கை களுவுங்க" என்பாள். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியும் அந்த மாமாவில் மட்டும் கொஞ்சம் வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மார்க்கெட் பக்கம் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பெண்களை வைத்துப் பிழைக்கிறவனை அங்கே அப்படிச் சொல்வார்கள். அந்த அர்த்தத்தில் குப்புசாமியை நேருக்கு நேர் அழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தத் தங்கை வடிவின் புருஷன் காளியப்பன்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷத் தசரா. கூட்டத்துக்காக ஒருவழியாக்கியிருந்த ரோட்டில் காளியப்பன் வாழைத்தார் ஏற்றிய டெம்போவை எதிர்ப்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தார். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்தவர், டூட்டியில் மச்சான்தானே நிற்கிறார் என்ற தைரியம். குப்புசாமி நிறுத்தினார், கேசும் எழுதினார். கூட்டம் வேடிக்கை பார்க்க, காளியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யூனிபாரம் போட்டுக்கிட்டு மாமா வேலையா பாக்கற?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குப்புசாமியின் கை அவர் கன்னத்தில் இறங்கியது.

இரண்டு பேருமே சரியான வீம்புக்காரர்கள் என்பது என் கட்சி. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. வரும் தையில் வடிவின் மகள் சுசித்ராவுக்குக் காது குத்துவதாக இருந்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். குப்புசாமிக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு மடிக்காக அவர் எவ்வளவு நாளாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். தை வந்தது, அழைப்பு வரவில்லை. வேறு யாரையோ உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, தங்கை பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

மூன்று வருஷம் போனது. ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் லிங்கப்பன் என்ற கௌதள்ளிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதைக் குப்புசாமி வீட்டுக்கு வந்து அப்படியே எங்களிடம் ஒப்பித்தார்.

"பொண்ணு காது இன்னும் மூளியாவேதான் இருக்குதுங்களாமா. காளியப்பன் பங்காளி வீட்டு ஆளை உக்கார வெச்சுக் குத்திரலாம்னு சொன்னாங்களாம். வடிவு ஒத்துக்கலியாம். 'என்ற அண்ணன் மடி இல்லாம என்ற பொண்ணு காதுல ஊசி படாது'ன்னு சொல்லிப்போட்டாளாமா."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "கூப்படாம எப்படிப் போறது?" என்றார்.

நாச்சம்மாளுக்கு வந்ததே கோபம். "அவ மூணு வருசமாக் கூப்பிட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறா. உங்களுக்குத்தான் கேக்கல."

நானும் என் பங்குக்கு, "ஊர்ப் பையன்களை எல்லாம் மடக்கி நிறுத்தத் தெரியுது. தங்கச்சி வீட்டு வாசல்ல போய் நிக்க பயமா?" என்றேன். அவர் கை கழுவ எழுந்துவிட்டார். சாயங்காலம் தனியாகக் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்துடன் வந்தார். தாய்மாமன் எடுக்கும் துணியில் பெண்கள் தலையிடக்கூடாது என்று எங்களிடம் பிரித்துக் காட்டவே இல்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் போய்ப் பஸ் மாறி மூன்று பேருமாகக் கௌதள்ளியில் இறங்கினோம். நாச்சம்மாள் துணைக்கென்று என்னையும் இழுத்து வந்திருந்தாள். தேங்காய், பழம், வளையல், ஒரு ஜோடி கம்மல் வைத்த தட்டை அவள் பிடித்திருந்தாள். வேட்டி கட்டிய குப்புசாமியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாதி ஆளாகத் தெரிந்தார்.

வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்த காளியப்பன் எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். வடிவு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"மாப்பிள்ளை, கேசு போட்டது டூட்டி. அதுக்கு நான் எதும் சொல்றதுக்கில்லீங்க. கை நீட்டுனது தப்பு" என்றார் குப்புசாமி.

காளியப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நான் பேசுன வார்த்தையும் தப்புத்தானுங்க மச்சான். உள்ளார வாங்க. நான் போயி ஆசாரியக் கூட்டியாறேன்" என்று டெம்போவில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

பிறகுதான் பொட்டலம் பிரிந்தது. ரோஸ் கலர், கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்த கவுன். ஐந்து வயது சுசித்ராவின் தலையில் மாட்டிப் பார்த்தாள் வடிவு. கவுன் தோளைத் தாண்டி இறங்க மறுத்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு. கடைசியாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளையை மனதில் வைத்தே மனிதர் வாங்கியிருக்கிறார்.

கவுனை உருவி எடுத்தபடி வடிவு, "அண்ணா, இவ வளந்துட்டாளுங்ணா" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். குப்புசாமியும் அழுதார். எனக்கும் தாங்கவில்லை, நாச்சம்மாள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆசாரி வந்ததும் பலகை போட்டார்கள். சுசித்ரா அந்தப் புது ஆளின் மடியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். முதல் காதில் ஊசி இறங்கியபோது வீறிட்டாள். இரண்டாவதும் முடிந்ததும், சின்னக் கவுனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "போ மாமா!" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குப்புசாமி முன்சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பி, "போ மாமான்னு சொன்னா, கேட்டீங்களா?" என்றார். கொள்ளேகால் வருவதற்குள் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் நான் "கேட்டேன்" என்றேன்.