குழிக்குள் வராத வாடை

தொம்மலூர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பட்டறை முதலாளி பைக்கில் பின்னாலேயே வந்தார். என் நடைக்கு ஏற்ப வண்டியை மெதுவாக உருட்டினார். அவர் பேச்சில் பாதி கன்னடம்.

“எங்கடா போற? சும்னே இரு. அவன் வீட்ல தின்னுட்டு வந்தான், இங்க வந்து விழுந்தான். அவ்ளோதான்.”

நடையை எட்டிப் போட்டேன். சிக்னலில் ஒரு லாரி அவரை மறித்தது. சந்துக்குள் புகுந்துவிட்டேன்.

செத்தவர் என்னோடு முலாம் பூசும் வேலை பார்த்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். உடலில் சயனைடு இருப்பது தெரிந்ததும் போலீஸ் அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டது. அந்த அக்கா மர்பி டவுனில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர். அன்று காலை அண்ணனுக்குச் சாப்பாடு போட்டவர் அவர்தான். பட்டறைச் சரக்கை அண்ணனே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார், அதை இவள் கலந்திருப்பாள் என்று கணக்குப் போட்டார்கள். தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். அக்காவின் கொழுந்தன் தெருவில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னான். அக்காவை உள்ளே போடுவது இன்றா நாளையா என்பதுதான் பாக்கி.

நடந்தது வேறு. எங்கள் பட்டறையில் சயனைடு தொட்டியும் உண்டு, அமிலத் தொட்டியும் உண்டு. இரண்டின் கழிவும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும் என்பதால் தனித்தனிக் குழாய் இருந்தது. தரையை உடைத்துப் பூசியபோது இரண்டையும் ஒரே குழியில் விட்டுவிட்டார்கள். குழி அடைத்துக்கொண்டது. அண்ணன் இறங்கினார். மேலே நின்ற எனக்கு ஒரு கசப்பு வாடை அடித்தது, தலை கனத்தது. மேலே வரச் சொன்னேன்.

“ஒரு வாடையும் இல்லடா. உனக்கு நேத்து சரக்கு இன்னும் இறங்கல” என்று சிரித்தார். அவர் பேசியது அதுதான் கடைசி. மயங்கி விழுந்தவரைத் தூக்கி, வரும்போதே விழுந்ததுபோல் கேட் அருகே கிடத்திய பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் போனது. மறுநாளே குழியை மூடிக் குழாய்களைப் பிரித்துவிட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று காலையில் தடய ஆய்வகத்திலிருந்து விஷங்களைப் பரிசோதிக்கும் அம்மா ஒருவர், இன்ஸ்பெக்டரோடு பட்டறைக்கு வந்திருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போகும்போது, மதியம் பிரேசர் டவுன் கல்லூரியில் பாடம் எடுப்பேன், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தமிழிலேயே உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான், ஆனாலும் புரிந்தது. காது கேளாத ஒரு பெண் உதட்டசைவைப் பார்த்தபடி முன்னால் இருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி அந்த அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பார்வை குறைந்த பையனுக்கு, கருவி காட்டும் எண்ணைப் பக்கத்திலிருந்தவன் வாசித்துச் சொன்னான். எடுத்து வைத்த ரத்தத்தில் சயனைடு நாளாக நாளாகக் கூடவும் செய்யும், குறையவும் செய்யும், தன் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான் என்றார். தின்றதா, சுவாசித்ததா என்று பார்க்க வயிற்றையும் நுரையீரலையும் ஒப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் நான் வந்திருப்பதை அந்த அம்மா போனில் சொல்ல, இன்ஸ்பெக்டர் வந்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தீங்க. உனக்கு வாடை வந்துச்சு, குழிக்குள்ள இருந்தவனுக்கு வரல. யார் கிட்ட கதை விடற?”

இதோடு அக்கா கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“எனக்கும் வராது சார்” என்றார் அந்த அம்மா. “சில பேர் மூக்குக்கு இந்த வாடை பிடிபடாது. பொறப்புலேயே அப்படி. அதனாலதான் என் கிளாஸ்ல யாரையும் மோந்து பாத்து சொல்லச் சொல்றதில்ல.”

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். குழி இருந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஆய்வு முடிவு என்ன என்று நான் கேட்டேன். அதைக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்று அந்த அம்மா வாசல்வரை வந்து வழி காட்டினார்.

வயிற்றில் இல்லை, நுரையீரலில் இருந்தது என்று அறிக்கை ரொம்ப நாள் கழித்து வந்தது. வகுப்புக்குப் போன மறுநாள் காலையில் தெருவுக்கு அதெல்லாம் தெரியாது.

அக்காவின் வண்டியில் ஆவி பறந்தது. சாப்பிட ஓர் ஆள் இல்லை. எதிர் டீக்கடையில் கொழுந்தன் நான்கு பேரோடு நின்றான். பட்டறையில் இனி எனக்கு இடமில்லை, ஏதாவது வேலை இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன்.

“வியாபாரமே இல்ல தம்பி. உனக்கு என்ன வேலை குடுக்கறது?”

“சாப்பிடற வேலை குடுங்கக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. தட்டில் இட்லி வைத்துச் சட்னி ஊற்றினார். தெருவைப் பார்த்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி, நிதானமாகத் தின்றேன். இன்னும் இரண்டு கேட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சட்னி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டி ஓரமாக நின்றேன்.